கிராஃபைட் நீரை விலக்குமா, ஈர்க்குமா? காற்றுபட்ட கரிப்பரப்பின் கதை

‘கிராஃபீன் கோட்டிங்’ பூசிய காரின் மேல் மழைநீர் நிற்காமல் உருண்டோடிவிடும் என்கிறது புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துக் கார் பராமரிப்புக் கடைகளிலும் இப்போது காணப்படும் விளம்பரம். கிராஃபைட்டின் ஒற்றை அணுத் தாளான அதே கிராஃபீனில் நுண்துளைகள் இட்டு உப்புநீரைக் குடிநீராக்கலாம், அத்துளைகள் வழியே நீர் எளிதாகப் புகுந்து செல்லும் என்கின்றன அறிவியல் செய்திகள். ஒரே பொருள் ஓரிடத்தில் நீரை விரட்டுவதாகவும் இன்னோரிடத்தில் நீரை வரவேற்பதாகவும் சொல்லப்படுவதைப் படிப்பவர் குழம்புவது இயல்பு. பாடநூல்களிலும் ஆய்விதழ்களிலும் பல பத்தாண்டுகளாக நிலைத்திருந்த ‘கிராஃபைட் நீரை வெறுக்கும்’ என்ற வாசகம் கடந்த சில ஆண்டுகளில் திருத்தப்பட்டு வருவது இந்தக் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது.

கரியின், அதாவது கார்பனால் ஆன பொருளின், பரப்பு நீரோடு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கரி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எத்தகைய கரி, அதன் எந்த முகம் வெளியே தெரிகிறது, எவ்வளவு நேரம் காற்றில் கிடந்தது என்ற மூன்றையும் சேர்த்தே விடை சொல்ல முடியும். இந்த மூன்றில் நெடுங்காலம் கவனிக்கப்படாமல் போனது காற்றில் கிடந்த நேரம்தான்.

தொடுகோணம்: அளவுகோலைப் புரிந்துகொள்ளுதல்

ஒரு திண்மப் பரப்பின் மேல் ஒரு துளி நீரை வைத்தால் அது பரவிப் படலமாகலாம், குவிந்து முத்தாக நிற்கலாம், அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவம் கொள்ளலாம். துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் இடத்தில் நீருக்குள்ளாக அளக்கப்படும் கோணம் தொடுகோணம் எனப்படும். கோணம் 90 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் அப்பரப்பு நீர்நாட்டம் உடையது என்றும், 90 டிகிரிக்கு மேல் சென்றால் நீர்வெறுப்பு உடையது என்றும் சொல்வது வழக்கம். நன்கு தூய்மை செய்யப்பட்ட கண்ணாடியில் நீர் ஏறத்தாழ முழுவதும் பரவிவிடும். பாரஃபின் மெழுகின் மேல் தொடுகோணம் 105 முதல் 110 டிகிரி வரை இருக்கும்.

தாமரை இலையை இங்கே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதன் மேல் நீர் ஒட்டாமல் உருளுவதற்கு மெழுகு மட்டும் காரணமன்று. இலைப்பரப்பிலுள்ள நுண்மேடுகளுக்கு இடையே சிக்கிய காற்றும் துளியைத் தாங்கிப் பிடிக்கிறது. வழவழப்பான மெழுகுப் பரப்பு எதுவும் தாமரை இலை அளவுக்கு நீரை விலக்காது. இக்கட்டுரை பேசுவது சொரசொரப்பின் விளைவை அன்று, பரப்பின் வேதித்தன்மையை.

இந்தக் கோணத்தின் பொருளை 1805இல் தாமஸ் யங் விளக்கினார். பரப்பு நீரோடு ஒட்டியிருப்பதில் கிடைக்கும் ஆற்றல் ஆதாயமும், நீர் தன்னோடு தானே ஒட்டிக்கொள்வதில் கிடைக்கும் ஆதாயமும் போட்டியிட்டுச் சமநிலை காணும் இடமே தொடுகோணம். அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72.8 மில்லிநியூட்டன். இதைக் கொண்டு கணக்கிட்டால், 90 டிகிரி கோணமுள்ள பரப்பிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கச் சதுர மீட்டருக்கு 73 மில்லிஜூல் ஆற்றல் போதும். கோணம் 64 டிகிரியானால் அது 105 மில்லிஜூலாகவும், 44 டிகிரியானால் 125 மில்லிஜூலாகவும் உயர்கிறது. கோணத்தில் இருபது, முப்பது டிகிரி மாறுவது சிறிய திருத்தம் போலத் தோன்றினாலும், நீருக்கும் கரிக்கும் இடையிலான பிடிப்பு பாதியளவு கூடிவிடுகிறது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

கரிக்கு இரண்டு முகங்கள்

கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாக அமைந்து, அந்த வலைகள் தாள்களைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வலைக்குள் இரு அணுக்களுக்கு இடையிலான தொலைவு 0.142 நானோமீட்டர், அடுத்தடுத்த தாள்களுக்கு இடையிலான தொலைவு 0.335 நானோமீட்டர். தாளுக்குள் பிணைப்பு மிக உறுதியானது, தாள்களுக்கு இடையிலோ தளர்வானது. அதனால்தான் பென்சில் எழுதுகிறது, அதனால்தான் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் மேலடுக்குகள் உரிந்து வருகின்றன. இப்படி உரித்து உரித்து ஒற்றைத் தாளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததற்காகவே ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டான்டின் நோவோசெலோவ் இருவரும் 2010இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஒற்றைத் தாள்தான் கிராஃபீன்.

தாளின் மேற்புறம் ஒரு முகம், அதன் ஓரம் இன்னொரு முகம். மேற்புறத்தில் ஒவ்வோர் அணுவும் தன் பிணைப்புகளை நிறைவு செய்துவிட்டதால், சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜன் அதை எளிதில் தாக்காது. ஓரத்தில் உள்ள அணுக்களுக்கோ பிணைப்புகள் நிறைவடைந்திருப்பதில்லை. அங்கே ஆக்சிஜன் வந்து சேரும், சேர்ந்த இடம் நீரைப் பிடித்துக்கொள்ளும். உரித்தெடுத்த கிராஃபைட் ஏறத்தாழ முழுவதும் மேற்புறம்தான். கொட்டாங்குச்சிக் கரியும் சவுக்குக் கரியும் கசங்கிய சிறு தாள்துண்டுகளின் குவியல். அவற்றில் ஓரங்கள் ஏராளம். காற்று இந்த இரு முகங்களிலும் செய்யும் வேலைகள் நேரெதிரானவை.

86 டிகிரி என்ற எண் எப்படி நிலைபெற்றது

1940இல் ஃபௌக்ஸ், ஹார்கின்ஸ் இருவரும் கிராஃபைட்டின் மேல் நீரின் தொடுகோணம் சுமார் 86 டிகிரி என்று அளந்தனர். பிறகு வந்த அளவீடுகளும் பெரும்பாலும் 75 முதல் 95 டிகிரி வரை, அதாவது நீர்வெறுப்பின் எல்லையை ஒட்டியே அமைந்தன. பலரும் பல ஆய்வகங்களில் அளந்து ஏறத்தாழ ஒரே எண்ணைப் பெறும்போது அதைச் சந்தேகிக்கக் காரணம் தோன்றுவதில்லை. ஆனால் எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவான ஒன்று பிழைக்குக் காரணமாக இருந்தால், அந்த ஒற்றுமையே ஏமாற்றிவிடும். இங்கே எல்லாருக்கும் பொதுவாக இருந்தது காற்று.

எதிர்க்குரல் எழாமல் இல்லை. மால்கம் ஷ்ரேடர் மிகக் கடுமையான வெற்றிடத்துக்குள் கிராஃபைட்டைத் தூய்மையாக வைத்து அளந்து, கோணம் சுமார் 35 டிகிரி மட்டுமே என்று 1980இல் அறிவித்தார். தூய கிராஃபைட் நீர்நாட்டம் உடையது என்பது அவர் கருத்து. வெற்றிடத்தில் அளந்த அந்த எண் நீண்ட காலம் விதிவிலக்காகவே கருதப்பட்டு ஓரமாகக் கிடந்தது. அதற்கு உரிய கவனம் அப்போதே கிடைத்திருந்தால் பின்னால் வந்த பல விவாதங்கள் சுருங்கியிருக்கும்.

2012இல் விவாதம் வேறொரு திசையில் மூண்டது. கிராஃபீன் அணு அளவே தடிமன் கொண்டதால், அதன் கீழே உள்ள உலோகத்தின் நனைதிறனே (நீரால் நனையும் இயல்பே) அதன் ஊடாக வெளிப்படும் என்று அமெரிக்காவின் நிகில் கொராட்கர் குழுவினர் வாதிட்டனர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இந்த ஊடுருவும் தன்மைக்கு எல்லை உண்டு என்றனர். இரு தரப்பும் ஒப்பிட்ட பரப்புகள் உண்மையிலேயே தூயவையா என்ற கேள்வி 2013இல்தான் மையத்துக்கு வந்தது. அவ்வாண்டு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஹைதாவ் லியூ, லெய் லி குழுவினர் எளிமையான ஒரு சோதனையைச் செய்தனர்: கிராஃபைட்டை உரித்த பத்து விநாடிகளுக்குள் அளந்தனர், பிறகு காற்றில் வைத்து மீண்டும் மீண்டும் அளந்தனர். தொடக்கத்தில் சுமார் 64 டிகிரியாக இருந்த கோணம் ஒரு நாளுக்குள் ஏறத்தாழ 90 டிகிரிக்கு ஏறியது. செம்பின் மேல் வளர்த்த கிராஃபீனில் முதல் நிமிடத்தில் 44, இருபது நிமிடங்களில் 60, ஒரு நாளில் 80 என்று கோணம் உயர்ந்தது.

அந்தப் பரப்பின் அகச்சிவப்பு நிறமாலையில் கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளின் அடையாளம் நேரம் ஆக ஆக வலுத்தது. தூய கிராஃபைட்டில் ஹைட்ரஜனுக்கு இடமில்லை என்பதால், அது வெளியிலிருந்து வந்து படிந்ததே. சூடேற்றியும், புறஊதா ஒளியும் ஓசோனும் கொண்டும் அந்தப் படிவின் ஒரு பகுதியை நீக்கியபோது கோணம் மீண்டும் இறங்கியது. ஆக, பல பத்தாண்டுகளாக அளக்கப்பட்ட ‘கிராஃபைட்டின் நனைதிறன்’ பெரும்பாலும் கிராஃபைட்டின் மேல் படிந்த எண்ணெய்த்தன்மையுள்ள மென்படலத்தின் நனைதிறனே.

காற்றிலிருந்து படலம் படியும் விதம்

1. மூலம். ஹைட்ரோகார்பன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட சேர்மங்களின் பொதுப்பெயர். பெட்ரோல், டீசல், மெழுகு ஆகியவை பெரும்பாலும் இவற்றால் ஆனவை. வாகனப்புகை, பெயின்ட், சமையல் எண்ணெய், பிளாஸ்டிக், ரப்பர், மனிதத் தோலின் எண்ணெய்ப் பசை என்று எங்கிருந்தும் இவற்றோடு பிற கரிம ஆவிகளும் காற்றில் கலக்கின்றன. கடலூர் சிப்காட் பகுதியின் வேதித் தொழிற்சாலைகளை அறிந்தவர்கள், நாற்றம் வீசும் இடத்தில்தான் இப்படி நடக்கும் என்று எண்ணக்கூடும். அப்படியில்லை. மூக்குக்கு எட்டாத அளவே இதற்குப் போதும். மூடிய அறையும் குளிரூட்டிய ஆய்வகமும் இதிலிருந்து தப்புவதில்லை.

2. அளவு. காற்றில் நூறு கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்று மட்டுமே ஹைட்ரோகார்பன் என்று கொள்வோம். அதன் பகுதி அழுத்தம் மிக மிகக் குறைவு. ஆயினும் வாயு மூலக்கூறுகள் பரப்பில் மோதும் வீதத்தைக் கணக்கிட்டால், மோதும் ஒவ்வொன்றும் ஒட்டிக்கொள்ளுமானால் ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலம் முழுமையடைய ஒரு விநாடி அளவே ஆகும். உண்மையில் எல்லாம் ஒட்டுவதில்லை, அசைவற்ற காற்றில் மூலக்கூறுகள் பரவி வந்து சேரவும் நேரமாகும், நன்கு ஒட்டக்கூடிய கனமான ஆவிகள் காற்றில் இன்னும் அரிதானவை. அதனால்தான் விநாடிகள் நிமிடங்களாகவும் மணிகளாகவும் நீள்கின்றன. ஆனாலும் ‘சுத்தமான காற்று’ என்ற சொல் அணு அளவில் எவ்வளவு குறைந்த உத்தரவாதம் தருகிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

3. ஈர்ப்பு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கோடிக்கணக்கான மடங்கு அதிகமாக இருந்தும் ஏன் ஹைட்ரோகார்பன் இடம் பிடிக்கிறது? சிறிய மூலக்கூறுகள் பரப்பைத் தொட்டுவிட்டு உடனே விலகிவிடும். நீண்ட சங்கிலி மூலக்கூறு பரப்பின் மேல் தட்டையாகப் படுத்துக்கொள்கிறது. அதன் ஒவ்வொரு கார்பனும் சிறிதளவு ஈர்ப்பைப் பெறுவதால், சங்கிலி நீள நீளப் பிடி இறுகுகிறது. போதாததற்கு, ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பனான அல்கேன் சங்கிலியின் இடைவெளி அளவும் கிராஃபைட் வலையின் இடைவெளி அளவும் ஏறத்தாழப் பொருந்துகின்றன. 2022இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இந்தப் படலத்தை ஆராய்ந்து, அது 20 முதல் 26 கார்பன் அணுக்கள் கொண்ட நேர்ச்சங்கிலி அல்கேன்களால் ஆனது என்று கண்டறிந்தனர். அவை பாரஃபின் மெழுகில் உள்ள சங்கிலிகளின் உறவினர்கள்.

4. விளைவு. மெழுகுச் சங்கிலிகள் படுத்த பரப்பு நீருக்கு மெழுகைப் போலத் தோன்றத் தொடங்குகிறது. படலம் ஒரு மூலக்கூறு தடிமனே என்பதால் கீழே உள்ள கிராஃபைட்டின் ஈர்ப்பு முழுவதும் மறைவதில்லை. அதனால் கோணம் மெழுகின் 110 டிகிரியை எட்டாமல் 90 டிகிரிக்கு அருகிலேயே நின்றுவிடுகிறது.

கடற்கரைக் காற்றில் நிலைமை

கடலோர ஊர்களில் ஈரப்பதம் மிகுதி என்பதால் இங்கே கரிப்பரப்பு இன்னும் வேகமாகக் கெடும் என்று ஊகிக்கத் தோன்றும். ஹைட்ரோகார்பன் படிவைப் பொறுத்தவரை உண்மை மறுபக்கம் சாய்கிறது. பரப்பின் மேல் முதலில் படரும் மெல்லிய நீர்ப்படலம் ஹைட்ரோகார்பன் வந்து ஒட்டுவதைத் தாமதப்படுத்துகிறது என்று அதே பிட்ஸ்பர்க் குழுவினர் 2016இல் காட்டினர். நீர் முழுமையான காப்பு அன்று, தாமதம் மட்டுமே தருகிறது.

கடற்காற்று கொண்டுவரும் உப்புத்துகள் வேறு வகைச் சிக்கல். சமையல் உப்பு, ஒப்பீரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து துளியாகிவிடும். புதுச்சேரி, கடலூர்க் கரையில் பல இரவுகளில் அந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. திறந்து வைத்த ஒரு பரப்பில் உப்புத்துகள் விழுந்த இடம் மட்டும் நனைந்தும், எஞ்சிய இடம் நீரை விலக்கியும் இருக்கும்போது, ஒரே துளியின் இடப்பக்கக் கோணமும் வலப்பக்கக் கோணமும் ஒத்துப்போவதில்லை. இங்குள்ள கல்லூரி ஆய்வகங்களில் தொடுகோணம் அளக்கும் மாணவர்கள் பரப்பை மூடி வைப்பது, நேரத்தைக் குறிப்பது ஆகிய இரண்டையும் கருவியின் துல்லியத்துக்கு நிகராக மதிக்க வேண்டும்.

எதிர்த்திசை: அடுப்புக்கரியும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும்

இதுவரை சொன்னது தாளின் மேற்புறத்தைப் பற்றியது. ஓரங்கள் மிகுந்த கரியில் காற்று செய்வது படலம் விரிக்கும் வேலை மட்டுமன்று. அது கரியையே மெல்லக் கடிக்கிறது. ஆக்சிஜன் ஓர அணுக்களோடு வேதிப்பிணைப்பு கொண்டு கார்பாக்சில், ஃபீனால் போன்ற தொகுதிகளை உருவாக்குகிறது. அவை நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்பவை. வாரங்கள், மாதங்கள் செல்லச் செல்ல, குறிப்பாக ஈரக்காற்றில், இத்தகைய கரியின் நீர்நாட்டம் கூடுகிறது. தாவரக் கழிவைக் கரியாக்கி மண்ணில் இடப்படும் உயிர்க்கரி தொடக்கத்தில் நீரை விலக்குவதும், நாள்பட நீரை ஏற்பதும் இதனாலேயே.

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. நெய்வேலியில் வெட்டப்படும் பழுப்பு நிலக்கரி, நிலக்கரி வகைகளில் இளையது. அதில் ஆக்சிஜன் தொகுதிகள் மிகுதி, சுரங்கத்திலிருந்து வரும்போதே அதன் எடையில் ஏறத்தாழ பாதி நீர். முதிர்ந்த நிலக்கரியோ நீரை ஏற்கத் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பயன்படுத்தியே, நுரையில் மிதக்கவிட்டுத் தூசுமண்ணிலிருந்து நிலக்கரியைப் பிரிக்கும் முறை இயங்குகிறது. காற்றில் நெடுநாள் கிடந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலக்கரி அந்த நுரையில் சரியாக மிதப்பதில்லை. பழுப்பு நிலக்கரிக் குவியல் காற்றுபடச் சூடேறித் தானாகவே புகையத் தொடங்குவதும் இதே ஆக்சிஜனேற்றத்தின் தீவிர வடிவமே.

வீட்டுக் குடிநீர் வடிகட்டியில் உள்ள கிளர்வுற்ற கரியில் (ஆக்டிவேட்டட் கார்பன்) இரு வேலைகளும் ஒருசேர நடக்கின்றன. கொட்டாங்குச்சியிலிருந்து செய்யப்படும் இக்கரி காற்றிலுள்ள ஆவிகளைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உறை பிரித்துத் திறந்து வைத்தால், நீரிலுள்ள மாசுக்கென இருந்த இடத்தின் ஒரு பகுதியைச் சமையலறைக் காற்றே நிரப்பிவிடும். ஈரக்காற்றில் நாள்பட்டால் ஓரங்களில் ஆக்சிஜன் தொகுதிகள் பெருகும். அவற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் கூடி நின்று, கரிம மாசுகள் நுண்துளைக்குள் நுழைவதைத் தடுக்கும். நீரை நன்றாக ஏற்கும் கரிதான் நல்ல வடிகட்டி என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. ஆர்.ஓ. கருவிகளில் சவ்வுக்கு முன்னால் கரி வைக்கப்படுவது, குளோரின் சவ்வைச் சிதைக்காமல் காப்பதற்காக. அந்தக் குளோரினோடு வினைபுரியும்போதும் கரியின் பரப்பில் ஆக்சிஜன் ஏறுகிறது.

புதிய கரி நீரில் மிதப்பதைப் பார்த்து அது நீரை வெறுக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது. அதன் துளைகளில் காற்று அடைபட்டிருக்கிறது. பெரிய வடிகட்டித் தொட்டிகளில் புதிய கரியை ஒரு நாள் வரை ஊறவைத்த பிறகே பயன்படுத்துவது அந்தக் காற்று வெளியேறுவதற்காக.

பிழையான எண் எங்கெல்லாம் சென்று சேர்ந்தது

ஆய்வுலகில் மிகவும் கவலை தருவது கணினிப் பாவனைகளின் (சிமுலேஷன்களின்) நிலை. கார்பனுக்கும் நீருக்கும் இடையிலான ஈர்ப்பைக் கணினிக்குச் சொல்ல ஓர் எண் வேண்டும். 2003இல் சூரிச்சை மையமாகக் கொண்ட குழுவினர், கிராஃபைட்டின் மேல் தொடுகோணம் 86 டிகிரி வரும்படி அந்த எண்ணைப் பொருத்தினர். அன்றைய அறிவின்படி அது நேர்மையான தேர்வு. ஆனால் கிராஃபீன் தாளைச் சுருட்டியது போன்ற கார்பன் நானோகுழாய்க்குள் நீர் பாய்வது, கிராஃபீன் துளை வழியே நீர் செல்வது என்று பின்னர் வந்த எண்ணற்ற பாவனைகள் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டன. படலம் போர்த்திய பரப்பின் குணம், படலமே இல்லாத கணினிப் பரப்புக்கு வழங்கப்பட்டுவிட்டது.

புதுச்சேரி முதல் கடலூர் வரையிலான கரையோர நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்து உவர்ப்பேறி வருவதை அறிந்தவர்களுக்கு இது தொலைதூரப் பிரச்சினை அன்று. மிதமான உவர்நீரில், மின்னூட்டிய கரி மின்முனைகளால் உப்பயனிகளை இழுத்து அகற்றும் முறை ஒன்று உண்டு. மின்முனையின் துளைகளுக்குள் நீர் புகுந்தால்தான் அயனிகளும் புகும். அங்கே ஓரங்களில் உள்ள ஆக்சிஜன் நன்மை செய்கிறது, மேற்புறத்தில் படிந்த மெழுகுப்படலம் கேடு செய்கிறது. வடிகட்டிக்குத் தீமையாக இருந்த நீர்நாட்டம் மின்முனைக்குத் தேவையாகிறது.

கார் பூச்சுக்கும் கிராஃபீனின் நனைதிறனுக்கும் தொடர்பு மிகக் குறைவு. அத்தகைய பூச்சுகளில் நீரை விலக்குவது பொதுவாகச் சிலிக்கான் சார்ந்த பிசின்; கிராஃபீன் துகள்கள் சேர்க்கப்பட்டிருந்தாலும் அவை பிசினுக்குள் புதைந்திருக்கின்றன. துளி உருளுவதைக் காட்டிக் கிராஃபீனின் குணம் என்று சொல்வது சரியான விளக்கம் ஆகாது.

ஓர் அளவீட்டைப் படிக்கும்போது

கரிப்பரப்பின் தொடுகோணம் என்று ஓர் எண் தரப்பட்டால், கீழ்க்கண்டவை அதனுடன் சொல்லப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது பயன் தரும்.

1. பரப்பு எப்போது உரிக்கப்பட்டது அல்லது வளர்க்கப்பட்டது, துளி எத்தனை விநாடி அல்லது மணி கழித்து வைக்கப்பட்டது.

2. வெளியே தெரிவது தாளின் மேற்புறமா, ஓரமா. பென்சில் முனையை வைத்து வீட்டில் சோதிப்பவர்கள், அதில் களிமண்ணும் மெழுகும் கலந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே அளக்கப்படுவது கிராஃபைட் அன்று.

3. பரப்பு எப்படித் தூய்மை செய்யப்பட்டது. மிகுந்த எச்சரிக்கை தேவைப்படும் இடம் இதுதான். புறஊதா ஒளியும் ஓசோனும் ஹைட்ரோகார்பனை எரித்து அகற்றுகின்றன. ஆனால் சற்றே கூடுதல் நேரம் வைத்தால் கிராஃபைட்டின் மேற்புறத்தையே தாக்கி, புதிய ஓரங்களையும் ஆக்சிஜன் தொகுதிகளையும் உண்டாக்கிவிடும். அப்போதும் தொடுகோணம் இறங்கும். படலம் நீங்கியதால் இறங்கியதா, பரப்பு சிதைந்ததால் இறங்கியதா என்பதைக் கோணம் மட்டும் சொல்லாது. பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிமின் நிறமாலை கொண்டு ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அந்தச் சோதனை வசதி இல்லாத இடத்தில், ஒட்டுநாடாவால் புதிதாக ஓர் அடுக்கை உரித்துப் பத்து விநாடிக்குள் துளியை வைத்து அளந்து, நேரத்தையும் உடன் எழுதிவைப்பதே நம்பத்தகுந்த வழி.